ஊருக்குப் போனவள்

தும்மக் கூடாது. என்ன ஆனாலும் இப்போது தும்மக் கூடாது. வெளியே நடையில் ரங்கம்மாக்கா ஒவ்வொரு அறையின் பூட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வருகிறாள், பூட்டு கதவில் மோதும் சத்தம் வரவரப் பெரிதாகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சிக்கன் சாப்பிட்டுவிட்டு விடுதியே படுத்துக் கிடக்கிறது, இந்த அம்மாவுக்கு மட்டும் கண் சொக்காதா? வாட்ச்வுமன் என்றால் வாசலில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டியதுதானே, மாடியில் என்ன வேலை? நான் கட்டிலில் இல்லை, தரையில் பாயில் கிடக்கிறேன், அது இரும்புக் கட்டில், மூச்சு விட்டாலே கிறீச்சென்று ஊரைக் கூட்டும். மின்விசிறியும் போடவில்லை, பூட்டிய அறைக்குள் மின்விசிறி ஓடினால் அதைவிடக் காட்டிக்கொடுக்க வேறென்ன வேண்டும். சித்திரை மாத வெயில் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து என் மேலேயே படுத்திருக்கிறது. பக்கத்து அறைப் பூட்டை இழுத்துவிட்டாள். அடுத்தது நான். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டால் தும்மல் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது, பள்ளிக்கூடத்து டீச்சரா, அம்மாவா, யோசி, யோசித்தால் தும்மல் மறந்துபோகும். டொக். என் பூட்டுத்தான். கதவு நடுங்கியது, அதன் இந்தப் பக்கம் நானும் நடுங்கினேன். பூட்டு கெட்டியாகத் தொங்குகிறது, அறைத்தோழி ஜெனிஷா காலையில் சர்ச்சுக்குப் போகும்போது இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். செருப்புச் சத்தம் நகர்கிறது. படியில் இறங்குகிறது. தும்மல் போய்விட்டது, ஆனால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்கிறது, அதை எந்த நாக்கை அழுத்தி நிறுத்துவது?

பயப்பட என்ன இருக்கிறது, நான்தான் இங்கே இல்லையே. நான் ஊரில் இருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரங்கம்மாக்காவிடம் பல்லைக் காட்டி “போயிட்டு வர்றேன்க்கா” என்று சொல்லிவிட்டு எல்லார் கண்ணெதிரிலும் கிளம்பினேன். பேருந்து நிறுத்தம்வரை போய் அங்கே கொஞ்ச நேரம் நின்று, காய்கறி வண்டி வரும் நேரம் பார்த்து மெஸ்ஸின் பின்வாசல் வழியாக முட்டைக்கோஸ் மூட்டைகளோடு மூட்டையாக உள்ளே வந்தேன். எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறதென்று எனக்கே தெரியாது. எல்லாம் இந்த மெஸ் கட்டுக்காக. தொடர்ந்து ஐந்து நாள் ஊருக்குப் போவதாக எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களின் சாப்பாட்டுக் காசு மாதப் பில்லில் குறையும், ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது, அதுதான் விதி. ஆனால் இங்கிருந்து புதியம்புத்தூருக்குப் போய்வர ஆகும் பேருந்துக் காசு, பில்லில் குறையும் காசைவிட அதிகம். ஊருக்குப் போனாலும் நஷ்டம், இங்கே இருந்தாலும் நஷ்டம். அப்போதுதான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கும் என் மூளைக்கு இந்த மூன்றாவது வழி தோன்றியது, ஊருக்குப் போகாமலேயே ஊருக்குப் போய்விடுவது. தேர்வுக்கு முந்திய விடுமுறை, வகுப்பும் கிடையாது, யாரும் தேடமாட்டார்கள். ஜெனிஷாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பிளந்தாள். “எட்டீ, உனக்குப் பைத்தியமாக்கும்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாவி நான் வச்சுக்கிடுதேன்” என்றாள். அவளும் என்னைப்போலத்தான், மார்த்தாண்டத்திலிருந்து வந்து பேருந்துக் காசுக்குப் பயந்து கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊர் போகிறவள்.

குறைகிற காசு பெரிய காசா என்று கேட்டால் இல்லை. ஒரு நல்ல செருப்பு வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் பில்லைக் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் தரமாட்டார்கள், கட்டுவதற்கு என்னிடம் இருப்பதற்கும் பில்லுக்கும் நடுவே சரியாக அந்தச் செருப்பளவு பள்ளம் இருக்கிறது. டியூஷன் சொல்லிக்கொடுத்த வீட்டுக்காரர்கள் கோடை விடுமுறைக்கு மூணாறு போய்விட்டார்கள், வந்ததும் தருகிறோம் என்றார்கள், மலைக்குப் போகிறவர்களிடம் சம்பளம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஸ்காலர்ஷிப் வரும், நிச்சயம் வரும், படித்து முடித்து நான் பாட்டியாவதற்குள் வந்துவிடும். அம்மாவிடம் கேட்கலாமே என்று ஜெனிஷா சொன்னாள். எப்படிக் கேட்பேன்? சேர்ந்த முதல் மாதமே, “எல்லாத்தையும் கவர்மெண்டு குடுத்துரும்மா, நீ ஒண்ணும் அனுப்பாண்டாம்” என்று பெரிய இவளாகச் சொல்லிவிட்டேனே. அம்மாவுக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம், மிஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கி எல்லாரிடமும் சொன்னாளாம், எம் புள்ளைக்கு கவர்மெண்டே சோறு போடுதுன்னு. இப்போது போய், இல்லையம்மா, கவர்மெண்டு போடவில்லை, நானும் போட்டுக்கொள்ளவில்லை என்றா சொல்வது? அவள் ரெடிமேட் கம்பெனிக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள், ஒரு பாவாடைக்கு இவ்வளவு என்று கணக்கு, இந்த இரண்டு மாதம்தான் சீசன், மிஷினைவிட்டு எழுந்திருக்கக்கூட மாட்டாள். கேட்டால் அனுப்புவாள், அதுதான் பயம், எங்கிருந்து அனுப்புவாள் என்று எனக்குத் தெரியும்.

பசி இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் பசியைவிட எனக்கு அந்த முதல் நாள் சப்பாத்திதான் வயிற்றில் கிடந்து உறுத்துகிறது. பிஸ்கட்டும் வாழைப்பழமும் வைத்தே ஒப்பேற்றிவிடுவது என்றுதான் இருந்தேன். சாயங்காலம் ஜெனிஷா துப்பட்டாவுக்குள் ஒளித்து இரண்டு சப்பாத்தி கொண்டுவந்தாள். “தின்னுட்டீ, எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கினேன், ஒருத்தியும் பாக்கல்ல. நீ செத்துத் தொலைஞ்சா போலீசுக்கு நானாக்கும் பதில் சொல்லணும்.” தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது, இது அவளுடைய சப்பாத்தி இல்லை. மாதச் செலவை எல்லாரும் பங்கு போட்டுக் கட்டும் மெஸ் இது, நான் தின்ற சப்பாத்தி மற்ற எல்லாருடைய பில்லிலும் துளித்துளியாக ஏறும், என்னைப்போலவே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறொருத்தியின் பில்லிலும். பிஸ்கட் தின்றிருந்தால் நான் பொய்க்காரி மட்டும், சப்பாத்தி தின்றதால் திருடி. அடுத்த நாளும் தின்றேன். இன்றைக்கு மதியம் கீழேயிருந்து சிக்கன் வாசனை வந்தபோது, ஜெனிஷா சர்ச்சிலிருந்து நேராகக் காந்திபுரம் கடைத்தெருவுக்குப் போகாமல் இங்கே வந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு வரக்கூடாதா என்று மனசாரத் திட்டினேன். சாயங்காலம்தான் வருவாள். அதுவரை தண்ணீரும் குடிக்கக் கூடாது, குடித்தால் பாத்ரூம் வரும், பாத்ரூம் நடையின் கடைசியில் இருக்கிறது, விடியுமுன் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஒரு தடவை ஓடினதுதான். வாட்டர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதைப் பார்க்காதே. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பார். போன வருடம் ஒரு சீனியர் அக்கா தன் சித்தி மகளை ஒரு ராத்திரி அறையில் தங்கவைத்ததற்கே வெக்கேட் செய்தார்கள், கையில் வாளியும் பாயுமாகக் கேட்டுக்கு வெளியே ஆட்டோவுக்கு நின்றாள், நாங்கள் எல்லாரும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். நானும் பார்த்தேன். விடுதியை விட்டு அனுப்பிவிட்டால் இந்த ஊரில் அறை எடுத்துத் தங்க எனக்கு வழியில்லை, படிப்பு அதோடு சரி, அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார வேண்டியதுதான். வாளி, பாய், ஆட்டோ. வேண்டாம், திரும்பத் திரும்ப அதையே பார்க்காதே, மாட்டிக்கொள்ள வாய்ப்பு ரொம்பக் குறைவு. குறைவு என்றால் நடக்காது என்று அர்த்தமில்லை, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இரண்டு வருடம் படிப்பு.

கீழே யாரோ வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள், மதியத்துக்குமேல் ஒவ்வொருவராக வருவார்கள், போர்டிகோவுக்கு நேர் மேலே என் அறை, யார் மகள் இளைத்துவிட்டாள், யார் வீட்டில் மாடு கன்று போட்டது, எல்லாம் எனக்கு வந்துவிடும். ரங்கம்மாக்காவின் குரல், “ஆரைப் பாக்கோணுங்க?” ஒரு பெண் குரல் பதில் சொல்கிறது, தணிந்த குரல். எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே நாலைந்து பேர் உண்டு. “எந்தூருங்க நீங்க?” “தூத்துக்குடி பக்கம்மா, புதியம்புத்தூரு.” ஒன்றுமில்லை, புதியம்புத்தூர் பெரிய ஊர். புதியம்புத்தூரில் எத்தனையோ பேர். ஆனால் புதியம்புத்தூரிலிருந்து இங்கே படிப்பவள் நான் ஒருத்திதான். பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், எப்போது உட்கார்ந்தேன்? “எம் புள்ளயப் பாக்கணும்மா. சந்தனமாரி. போன் போட்டா போவவே மாட்டேங்கு, யாரோ ஒரு பொம்பள ஹிந்தியில என்னமோ சொல்லுதா. எனக்கு ராத்திரியெல்லாம் ஒறக்கம் கெடையாது. அதான் பஸ் ஏறி வந்துட்டேன்.”

அம்மா. என் அம்மா. யூனிஃபார்ம் சீசனில் மிஷினைவிட்டு எழுந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். ரீசார்ஜ் முடிந்தால் நாம்தான் பேச முடியாது, வருகிற போன் கொஞ்ச நாள் வரும் என்று நினைத்தேனே, அதுவும் நின்றுவிட்டதா? அம்மா கூப்பிடவில்லை, சீசன் மும்முரத்தில் இருக்கிறாள் போல, நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷம் வேறு பட்டேனே, பாவி. ஜெனிஷா போனிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நேற்றுக் கேட்கலாம் என்று நினைத்தேன், முந்தாநாள் கேட்கலாம் என்று நினைத்தேன், சோறு, சாவி எல்லாம் அவள், போனும் கேட்டால் என்ன நினைப்பாளோ என்று விட்டேன். கீழே ரங்கம்மாக்கா சொல்கிறாள், சொல்லாதே அக்கா, சொல்லாதே, “அந்தப் புள்ள ஊருக்குப் போயிருச்சுங்களே. வியாழக்கெழமயே கெளம்பீருச்சு. எங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போச்சு.” நாற்காலி நகரும் சத்தம். டெபுடி வார்டன் துளசிமணி மேடம் வெளியே வந்துவிட்டார், அந்தக் குதிகால் செருப்புச் சத்தம் அவருடையதுதான். “நீங்க அம்மாவா? வீட்டுக்குப் போறேன்னுதானே எழுதிக் குடுத்திருக்கா. இன்னும் வந்து சேரலையா? வியாழக்கிழமை போன பொண்ணு ஞாயித்துக்கிழமை வரைக்கும் வந்து சேரலைன்னா என்னங்க அர்த்தம்? போலீசுக்குச் சொல்லணுமே.” நான் கத்த வேண்டும். இப்போது கத்த வேண்டும். வாயைத் திறந்தேன், அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

“அய்யய்யோ, போலீசெல்லாம் எதுக்கும்மா. வந்துட்டா, வந்துட்டா. ஊருக்குத்தான் வந்திருக்கா. அவ சித்தி வீட்டுல இருக்கா. நாந்தான் ரெண்டு நாளா வீட்டுல இல்ல பாத்துக்கோங்க, அதான் எனக்குத் தெரியல. அவ சித்தி சொன்னா, எனக்குத்தான் ஞாபகமில்லாமப் போச்சு.” எனக்குச் சித்தியே கிடையாது. அம்மாவோடு பிறந்தது ஒரு மாமா, அவரும் செத்துப்போய்விட்டார். “போன் போகலைன்னு சொன்னீங்களே?” என்கிறார் மேடம். “அது டவரு இல்லம்மா அங்க. நான் வயசான பொம்பள, கிறுக்குத்தனமா கெளம்பி வந்துட்டேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க. அவ நல்ல புள்ளம்மா.” அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. “நல்லவேளைங்க, நான் பயந்தே போயிட்டேன்” என்று மேடம் சொல்ல, ரங்கம்மாக்கா தண்ணீர் வேண்டுமா என்று கேட்க, வேண்டாம் தாயி, வேண்டாம் என்கிறாள் அம்மா. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புகிறாள். அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சண்டாளி, நான் யாரோடோ ஓடிப்போய்விட்டேன் என்று நினைத்துவிட்டாள். நினைத்த அந்த நிமிஷமே, அழுவதற்கு முன்னால், என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறாள். என்னைத் தேட வேண்டிய போலீசைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஜன்னலில் வெயிலுக்காக ஒட்டியிருக்கும் பேப்பரில் ஒரு கிழிசல் உண்டு. அதில் கண்ணை வைத்தேன். போர்டிகோ தெரியாது, கேட்டுக்குப் போகும் பாதை மட்டும் தெரியும். அம்மாவின் முதுகு வந்தது. கல்யாண வீட்டுக்குக் கட்டும் நீலச் சேலை, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, பை கனமாக இருக்கிறது, எனக்கு என்னென்னவோ கொண்டுவந்திருக்கிறாள், கொடுக்க ஆளில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாள். நேராகத்தான் நடக்கிறாள், யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கிற மாதிரி நேராக. சரி, பதறாதே, யோசி. ஆபத்து போய்விட்டது. அம்மாவே போக்கிவிட்டாள். சாயங்காலம் ஜெனிஷா வந்துவிடுவாள், அவள் போனிலிருந்து உடனே கூப்பிடலாம், அம்மா, நான் இங்கேதான் இருந்தேன், காசுக்காக இப்படிச் செய்தேன் என்று சொல்லலாம், திட்டுவாள், அழுவாள், அவ்வளவுதான், விடுதியும் தப்பும், பரீட்சையும் தப்பும். மூன்று மணி நேரம்தானே. நான்கு வைத்துக்கொள். அந்த நேரத்தில் அம்மா பஸ்ஸில் இருப்பாள், ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு என்ன ஆகப்போகிறது? எங்கள் தெருவில் செல்லக்கனி அக்கா ஓடிப்போன அன்று அவள் அம்மாவும் சாயங்காலம்வரை நன்றாகத்தான் இருந்தாள். குடத்தில் தண்ணீர் பிடித்தாள், எங்கள் அம்மாவிடம் வந்து ஊசி வாங்கிக்கொண்டு போனாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கதவை உடைத்தார்கள், நுரை தள்ளிக் கிடந்தாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டாள், ஆனால் கதவை உடைத்தவர்களில் எங்கள் அம்மாவும் ஒருத்தி, ஒரு மாதம் சோறு இறங்கவில்லை அவளுக்கு. அப்போது என்னைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டு சொன்னாள், “எனக்குன்னா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது மாரி.” ஒரு மணி நேரம். நான் மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போடுகிறேன். வாய்ப்பு ரொம்பக் குறைவு, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, இந்த நிலையிலும் என் மூளை தசமப் புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறது, வாளி, பாய், ஆட்டோ, ஹால் டிக்கெட், ஆயிரத்தில் ஒன்று, எந்தப் பக்கம் வைத்தாலும் தராசு தாழ்கிறது. அம்மா கேட்டைத் தாண்டப் போகிறாள். கேட்டருகே நின்றுவிட்டாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது அவளுக்கு. வந்த வழி மறந்துவிட்டது.

பேப்பரைக் கிழித்தேன். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, உள்ளங்கையால் ஓங்கிக் குத்தியதில் தோல் உரிந்து ஜன்னல் திறந்துகொண்டது. அம்மா என்று கூப்பிட்டேன், சத்தமே வரவில்லை, நாள் கணக்காகக் கிசுகிசுத்தே பேசித் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன், இந்த முறை வந்தது, என் குரல்தானா என்று இருந்தது. “யம்மா! யம்மோ! இங்க, மேல பாரு! நான் எங்கயும் போவல. இங்கதான் இருக்கேன்!” அம்மா திரும்பினாள். மேலே பார்த்தாள். கட்டைப்பை கீழே விழுந்து, உள்ளேயிருந்து என்னவோ உருண்டு ஓடியது, அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் விரலை வாயில் வைத்துச் சைகை காட்டினேன், சத்தம் போடாதேம்மா, பேசாமல் போய்விடு, நான் பிறகு சொல்கிறேன், உனக்குத் தெரிந்துவிட்டது அல்லவா, அது போதும், போய்விடு. அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவளுக்கு நான் மட்டும்தான் தெரிந்தேன். சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போர்டிகோவைப் பார்த்து ஓடிவந்தாள், சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு, நான் பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. “வார்டனம்மா! ஏ தாயி, இங்க வாங்க! நான் சொன்னது பொய்யி, சித்தி வீடு எல்லாம் பொய்யி! எம் புள்ள எங்கயும் போவல! இந்தா இங்கதான் இருக்கா, உள்ளதான் இருக்கா! ஓடிவந்து பாருங்க!” குதிகால் செருப்புச் சத்தம் படியிறங்கி முற்றத்துக்கு வந்தது. துளசிமணி மேடம் கையை நெற்றிக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டு எங்கே, எங்கே என்று வரிசையாக ஜன்னல்களைப் பார்த்தார். வெயிலில் கண் கூசியதால் அவருக்கு உடனே பிடிபடவில்லை. அம்மா அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, கையை நன்றாக நீட்டிக் காட்டிக்கொடுத்தாள். “அந்தா, மேல, தொறந்து கெடக்குல்லா, அந்த ஜன்னலு.”